கச்சான் உடைக்கும் சத்தத்தோடு

கல்முனை பஸ்ஸில்
களுவாஞ்சிக்குடி தாண்டும்போது
என் கிற்றாரைக் கேட்டேன்.
சாரதியின் தலைக்கு மேலிருந்த பெட்டிக்குள்
கல்லடிக் கடற்கரையில் நாங்கள் வாசித்த இரவு,
எவனுடைய சட்டைப் பைக்குள்ளிருந்தோ பதியப்பட்டு,
மூச்சு முட்டப் பாடிக்கொண்டிருந்தது.

பேஸ் இல்லை.
ட்ரம்ஸ், யாரோ உதைத்துப் போகும் தகரப்பேணி.
சுகிர்தனின் குரல் கிணற்றுக்குள்ளே.
எல்லாவற்றுக்கும் முன்னால், காதோரம்,
ஒருவன் கச்சான் உடைத்துத் தின்கிறான்.
கோது உடைவது அவ்வளவு துல்லியம்.
மறுகா இருமுகிறான்.
மறுகா பக்கத்தில் கேட்கிறான்,
"கடைசி பஸ் எத்தனை மணிக்குகா?"

மூன்றாவது பாட்டின் நடுவே
அந்த இடம் வந்தது.
உப்புக்காற்றில் இளகிய தந்தி
என் விரலைக் கூட்டிக்கொண்டு போய்ப்
பக்கத்து வீட்டுப் படலையில் விட்ட இடம்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
கொண்டக்டர் மிச்சக்காசு எண்ணியபடியே
அந்தப் பிழையையும் சேர்த்து விசிலடித்தார்.

டச்பாரில் மெல்ரோயின் கராஜுக்குள் கூடினோம்.
"கொழும்பு ஸ்டூடியோவுக்குக் குடுத்த காசு
ரெண்டு லட்சம். முந்நூறு சிடி கட்டிலுக்குக் கீழ கிடக்கு"
என்று ஸ்பனரை எறிந்தான் மெல்ரோய்.
"அதில நான் வரி மறந்தது இருக்கா?"
சுகிர்தனுக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.
இருக்கு என்றேன்.
அதன்பிறகு அவன் தேத்தண்ணியைத் தொடவில்லை.
பேஸ்காரன் இஃப்ஹாமின் கோபம் வேறு:
"களவெடுக்கிறதெண்டா முழுசா எடுக்கணும்.
என்ன மட்டும் விட்டுட்டு எடுத்திருக்கான்."

பஸ் நிலையத்துக்கு எதிரே
போன் உறை விற்கும் கடை.
நுஸ்கி என்று பெயர், மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
வழியெல்லாம் வாக்கியங்கள் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்,
உரிமை, சட்டம், பொலிஸ்.
"கல்லடி ஃபுல் நைட் வேணுமா அண்ணன்?
அம்பது ரூவா. ஒறிஜினல்."
ஒறிஜினல் என்றான்
என் முகத்தைப் பார்த்தபடி,
என்னைத் தெரியாமல்.
கச்சான் சத்தம் கேட்குமே என்றேன்.
"அது நான்தான்" என்று வெட்கப்பட்டான்.
"வெட்டிக் குடுத்துப் பார்த்தேன் அண்ணன்,
ஆக்கள் அதோட உள்ளதத்தான் கேக்குறாங்க."
ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
என் பிழையை என் போனில் ஏற்றித் தந்தான்.

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுமாம்.
தோணியில் போய் மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி
அதையும் யாரோ பதிந்தார்களாம்.
திரும்பி வரும்போது பாலத்தில் நின்று நினைத்தேன்:
அன்றைக்கு அந்த மீனுக்கும்
தொண்டை கட்டியிருந்திருக்கலாம்.

மறுகா தம்பிலுவில் மைதானம்.
புதுத் தந்தி மாட்டி, மூன்று முறை சுருதி பார்த்து
அந்த இடத்தைச் சரியாக வாசித்தேன்.
வாழ்க்கையில் அவ்வளவு சரியாக
நான் எதையும் செய்ததில்லை.
ஆயிரம் வாய்கள் ஒன்றாக
பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தன.
உள்ளே போகாமல் தெருவில் நின்றவன்
நான் ஒருவன்தான்.

இப்போது இரவில் பழகுகிறேன்.
தவறுவது லேசு;
அதே இடத்தில், அதே அளவு,
தெரியாமல் தவறியதுபோலத் தவற
இன்னும் விரலுக்கு வரவில்லை.
சுகிர்தன் மறந்த வரியை எழுதி வைத்து
மனப்பாடம் செய்கிறான்.

அக்கரைப்பற்று மேடைக்கு
"ஒலிப்பதிவு செய்ய வேண்டாம்" என்று
சிவப்பு மையில் மட்டை எழுதுகிறான் மெல்ரோய்.
இஃப்ஹாம் ஒன்றும் சொல்லவில்லை.
கல்முனைக்குப் போய் வந்திருக்கிறான்,
இடப்பக்கம், பேஸ் பெட்டிக்கு நேரே
நிற்கச் சொல்லி,
கச்சானுக்கும் காசு கொடுத்து.