நான்கில் ஒன்று

நாரின் நகரில் இன்று மைனஸ் இருபத்தாறு.
பதிவறையிலிருந்து மருந்தறைக்கு
நாற்பது அடி நீலக் கேபிள்.
பல்லால் உறை கிழித்து,
எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து அடுக்கி
நெரித்து மாட்டினாள் ஜைனாகுல்.

முதலில் அவள் கணினி தன்னையே கூப்பிட்டது.
உடனே பதில்.
தன்னோடு பேசிக்கொள்ள யாருக்குத்தான் தடை?

பிறகு என் மேசைக்கு.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
மூன்றாவதற்கு மட்டும் பதில்.
நான்காவது மறுபடி ஊமை.

முகவரியை மாற்றினாள்.
சுவிட்சை அணைத்துப் போட்டாள்.
பிளக் விற்றவனைத் திட்டினாள்.

இருமிக்கொண்டே ஒரு குதிரைக்காரர்
என் கதவைத் திறந்தார்.
பச்சை விளக்கு துடித்தது.
மூடினார், அணைந்தது.

"மூடாதீங்க!"
இரண்டு அறையிலிருந்தும் கத்தினோம்.
மிரண்டுபோய் மறுபடி திறந்து
கதவைப் பிடித்தபடி நின்றார்,
தொப்பியில் பனியோடு.
அவர் காலடியில், நிலையை ஒட்டி,
நசுங்கிக் கிடந்தது கேபிள்.

ஒமுர்சாக் உளியோடு வந்து
கதவடியில் கட்டைவிரல் அகலம் செதுக்கினான்.
புதுக் கேபிள்.
அனுப்பியது நான்கு, வந்தது நான்கு,
இழப்பு சுழியம்.

முதலில் வந்த சீட்டு குதிரைக்காரருடையது:
இருமல் சிரப், ஒரு புட்டி.

அந்தப் பள்ளம் வழியே
என் கணுக்காலுக்குக் குளிர்காற்றும் வருகிறது இப்போது,
முகவரி கேட்காமல்.