கடைவரம்பு

முப்பத்தொரு வருஷம் ஷட்டர் திறந்தவன் நான்.
தோவாளைச் சானலில்
எத்தனை சுற்றுக்கு எத்தனை அங்குலமென்று
கை சொல்லும், கண் பார்க்க வேண்டாம்.
கடைவரம்புக்காரர்கள் சைக்கிள் மிதித்து வந்து
"தண்ணி எங்கவோய்?" என்று நிற்பார்கள்.
வரும், வரும் என்பேன்.

இப்போது ராத்திரி மூணு மணிக்கு
சுருளகோட்டு வீட்டுக் கக்கூசில்
ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு
எனக்கே சொல்கிறேன்.
வரும். வரும்.

ஒரு சொட்டு.
நிறுத்தம்.
முடிந்ததென்று வேட்டியை இறக்கினால்
வேட்டியில் மிச்சம்.

தக்கலை நெரிசலில் பஸ் நின்றால் வியர்க்கும்.
மார்த்தாண்டத்துக் கல்யாணத்தில்
பெண்ணைப் பார்க்குமுன் நான் பார்த்தது
கழிப்பறைக்குப் போகும் அம்புக்குறி.
கோயிலில் கடைசி பெஞ்சு, ஓரத்து இடம்.
பாவமன்னிப்பு ஜெபத்தில் பாதிதான் நான் இருப்பேன்.

யாரிடம் சொல்ல?
ஆற்றையே திருப்பிவிட்டவன்
அரை டம்ளருக்கு முக்குகிறேன் என்று?

ஐப்பசி மழையில் மூக்கடைத்தது.
மெடிக்கலில் கேட்டு வாங்கின சளி மாத்திரை ரெண்டு.
மூக்கு திறந்தது.
கீழே அடியோடு பூட்டிக்கொண்டது.

சத்தியதாஸ் ஆட்டோவில் ஆசாரிபள்ளம் போகும்வரை
வேகத்தடை பதினாலு.
நான் எண்ணவில்லை, அடிவயிறு எண்ணியது.
தங்கநேசம் என் முழங்காலை அமுக்கிக்கொண்டே வந்தாள்,
பிரசவத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி.

டியூப் போட்ட பையனுக்கு மீசைகூட முளைத்திருக்காது.
அடுத்த நொடி
உடம்பு முழுக்க ஒரு மறுகால் பாய்ந்தது.
வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை,
வாய்விட்டு அழுதேன்.
அளவுகோல் பார்த்தே பழகின கண்,
பையின் கோடுகளைப் படித்தது.
தொள்ளாயிரம்.

மறுநாள் டாக்டரம்மா கையுறை மாட்டினாள்.
"ஒரு நிமிஷம், அருளப்பன், மூச்சு விடுங்க."
அந்த ஒரு நிமிஷத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.
பிறகு சீட்டின் பின்பக்கம் வரைந்தாள்:
"நெல்லிக்காயா இருந்தது எலுமிச்சை ஆயிருக்கு.
நடுவுல ஓடுற குழாயை நெருக்குது. அவ்வளவுதான்."
அது எனக்குத் தெரிந்த படம்.
மடைக்கழுத்தில் வேர் ஏறினால் இப்படித்தான்.

"புத்தா?" என்றேன், குரலே இல்லாமல்.
"விரலுக்கு வழுவழுன்னுதான் இருக்கு.
ரத்தம் இப்போ பார்த்தா கணக்கு தப்பும்.
ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

மாத்திரை ரெண்டு.
ஒன்று கழுத்தைத் தளர்த்தும்,
சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.
மற்றது எலுமிச்சையைச் சுருக்கும், ஆறு மாசமாகும்.
ஒத்துவராவிட்டால் உள்ளே கம்பி விட்டுச் செதுக்குவார்களாம்.
இன்னொன்றும் சொன்னாள், கணவன் மனைவி விஷயம்,
தங்கநேசம் ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே வந்து, "அதுக்கென்ன இப்போ" என்றாள்.
அதுக்கென்ன என்று நானும் சொன்னேன்.
உள்ளே கொஞ்சம் இருந்தது.

அஞ்சாம் நாள் டியூப்பை உருவி
மூணு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.
ஜூன் முதல் தேதி பேச்சிப்பாறை திறக்கிறபோது
இவ்வளவு பேர் காத்திருந்ததில்லை எனக்காக.
வாசலில் நர்ஸ், தங்கநேசம்,
"ஆச்சா சித்தப்பா?" என்று பக்கத்துக் கட்டில் ஆள்.
வந்தது.
மெலிசாக, நூலாக. ஆனால் வந்தது.

போன வாரம் டீக்கடையில் சொல்லிவிட்டேன்.
கோலப்பன் பேப்பரை மடித்தார்.
மீரான், "எனக்கு அஞ்சு தடவை" என்றார்.
"ஆறு" என்றார் கோலப்பன்,
"சர்க்கரைன்னு நெனச்சுச் சீனிய விட்டேன்வே."
மூணு கிழவன்மாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
உடனே மூணு பேரும் எழும்ப வேண்டியதாயிற்று.

நேற்று ராத்திரி
திரும்பிவந்து படுத்தேன், இருட்டில், சத்தமில்லாமல்.
"ரெண்டு" என்றாள் தங்கநேசம்.
தூங்குகிறாள் என்றல்லவா
இத்தனை வருஷமும் விரல்நுனியில் நடந்தேன்.