நான்காவது ஊசி

புன்டா அரேனாஸில் இன்று காற்று நூற்றுப்பத்துக் கிலோமீட்டர்.
தெருமுனைகளில் நகராட்சி கயிறு கட்டியிருக்கிறது,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படித்தான் வேலைக்கு வந்தேன், வாயில் மண்ணோடு.

அறையின் மூலையில் என் மேசை:
நுண்ணோக்கி, மூன்று குடுவையில் சாயம்,
கண்ணாடித் தகடுகள், காலுக்கடியில் பழைய ஹீட்டர்.
நோயாளியின் முகம் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.
தெரியும்.
எலெயுத்தேரியோ மன்சீயா, அறுபத்தாறு,
ஜலசந்தியைக் கடக்கும் படகில் முப்பது வருடம் சுக்கான் பிடித்தவர்.
கோடையில் ஏணியிலிருந்து விழுந்தார்.
விலா எலும்புக்காக எடுத்த ஸ்கேனில்
விலா நன்றாக இருந்தது.
வலது நுரையீரல், மேல்மடல்,
பதினான்கு மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு.

மருந்து ஏறுவதற்குள் டாக்டர் யெர்கோ மிமீசாவைக் கேட்டார்:
"பிரிகிற இடத்தில் எந்த வாய்க்கால் என்று எப்படித் தெரியும்?"
"வரைபடம் இருக்கிறது."
"எங்களிடமும் இருந்தது."
சிரித்தது செவிலி மட்டும்.

வடக்கே, மலைகளுக்குள் புகுந்து
முட்டிக்கொண்டு நிற்கும் கடல் ஒன்று உண்டு.
பெயர் கடைசி நம்பிக்கை.
ஜலசந்திக்கு வழி தேடி உள்ளே போனவர்கள் வைத்தது.
அங்கே வழி இல்லை.

குழாய் இறங்குகிறது.
குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. இருமல்.
லிக்னோகெய்ன். மறுபடி.
திரையில் இளஞ்சிவப்பு வளையங்கள், ஈரமாக,
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி,
கேமரா நுழையாத அளவுக்கு ஒடுங்கி.
அதற்கப்பால் கண் கிடையாது, ஒலிதான்:
கம்பி முனையில் சுழலும் ஒரு துளி ஒலி.
நல்ல நுரையீரல் அதில் பனிப்புயலாய்த் தெரியும்.
பனிப்புயல்.
பனிப்புயல்.
டாக்டர் கொஞ்சம் பின்வாங்கி, மணிக்கட்டைத் திருப்பி
அடுத்த கிளையில் தள்ளுகிறார்.
பனிக்கு நடுவே சாம்பல் வட்டம், விளிம்போடு.
யாரும் பேசவில்லை.

முதல் ஊசியில் ரத்தம்.
இரண்டாவதில் குறுமயிர் செல்கள்,
துடுப்பை உயர்த்திய படகுக்காரர்கள் போல வரிசையாய்;
வழியில் ஒட்டிக்கொண்டவை.
அழகு. உதவாது.
மூன்றாவதில் கரி தின்று கறுத்த துப்புரவு செல்கள்.
முப்பது வருட டீசலா, வீட்டு விறகடுப்பா,
கரி சொல்லாது.
"இன்னும்" என்றேன்.
ஆக்சிஜன் எண்பத்தெட்டு. காத்திருந்தோம்.
ஜன்னல் கடகடத்தது. தொண்ணூற்று நான்கு.
"இன்னும்."

நான்காவது.
தகட்டை விசிறி உலர்த்தி, முக்கி, கழுவி,
குனிந்தேன்.
நெரிசல்.
ஒன்றின் தோள்மேல் ஒன்றேறி,
சிறிதும் பெரிதுமாய்க் கருக்கள்,
பக்கத்தில் ஆள் இருக்கிறதென்ற நினைப்பே இல்லாமல்.
தலை நிமிராமல் சொன்னேன்:
"போதும்."

இந்த அறையில் அதற்கு ஒரே பொருள்,
திசு கிடைத்தது, ஊசியை எடுக்கலாம்.
மயக்கத்தின் அடியாழத்தில் மன்சீயா அதைக் கேட்டிருக்கிறார்.
போர்வைக்கு வெளியே
கட்டைவிரல் ஒன்று உயர்ந்தது.

மாலை, வாசலில், மகள் நீவியாவோடு
கயிற்றைப் பிடித்தபடி டாக்ஸிக்கு நின்றார்.
"மூலையில் இருந்தது நீங்கள்தானே?" கரகரத்த குரல்.
"போதும் என்றீர்கள்."
ஆமாம்.
"அதைக் கேட்டதும் தூங்கிவிட்டேன்."

அறிக்கை வெள்ளிக்கிழமை வரும், என்றேன்,
டாக்டர்தான் சொல்வார், என்றேன்.
பாதியைக் காற்று கொண்டுபோனது.
எந்தப் பாதியென்று தெரியவில்லை; அவர் தலையாட்டினார்.
என் பேருந்து எதிர்ப்பக்கம்.
ஆனாலும் அதே கயிற்றில்
அவர் கைக்குப் பின்னால் கை வைத்து
நின்றுகொண்டிருந்தேன்,
டாக்ஸி வரும்வரை.