பத்து கிலோவுக்குக் கீழே

மணலிப் பக்கம், கன்டெய்னர் லாரிகள்
விடிய விடிய வரிசைகட்டி நிற்கும் சாலையில்
எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
வண்டி ஏறி நிற்கும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
சிவப்பு எண்கள் ஓடி ஓடி
ஓரிடத்தில் மூச்சுவிடும்.
அதைச் சீட்டில் எழுதித் தருபவன் நான்.

பத்து பத்தாகத்தான் எண்ணும் இந்த மேடை.
காக்கை உட்கார்ந்தால் அதற்குத் தெரியாது.
ஒருநாள் வண்டி இல்லாத நேரத்தில்
நானே போய் நின்றேன். அறுபது என்றது.
மருந்துக்கடை மிஷினில் நான் அறுபத்து நாலு.
நாலு கிலோ எங்கே போயிற்று என்று
அப்போது நான் கேட்கவில்லை.

டிரான்ஸ்போர்ட் வரதன் சனிக்கிழமை தவறாமல் வருவார்.
"ரெண்டு டன்னு தானேண்ணே,
கடலா வத்திப்பூடும்?"
லாக் புத்தகத்துக்கு அடியில் ஒரு வெள்ளைக் கவர்.
மறுநாள் தண்டையார்பேட்டைக் கோயிலில்
காணிக்கைப் பை வரிசை வரிசையாக வரும்போது
அதே அளவில் ஒரு கவர் என் கையில்.
பத்தில் ஒன்று. ஒரு ரூபாய் குறைந்ததில்லை.
வரதன் தந்ததிலும்
பத்தில் ஒன்று கொடுத்துவிடுவேன்.
கணக்கில் நான் கெட்டி.

என் ஜெபத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள்.
திருவொற்றியூரில், ரயில் சத்தம் எட்டாத தெருவில் இரண்டு அறை.
ஹெப்சிபாவுக்கு, அடகிலிருக்கும் வளையல்கள்.
பையனுக்குக் கப்பல் படிப்பு.
ஐப்பசி மழையில் சாக்கடை வீட்டுக்குள் ஏறாதிருக்க
வாசலில் இன்னும் இரண்டு படி.
எல்லாம் ஏற்றி முடித்து,
வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியில்
லாரிக்காரர்கள் கட்டுவார்களே ஒரு சிவப்புத் துணி,
அதுபோல் கடைசியில்
ஆண்டவர் பெயர்.
ஆமென் சொல்வதற்குள் தூக்கம் வந்துவிடும்.

புயல் மழை விட்ட சனிக்கிழமை.
மேடை காலியாக இருக்கிறது,
எண் முப்பது என்கிறது.
எட்டிப் பார்த்தேன். நாய்கூட இல்லை.
பொத்தானை அழுத்தினால் சைபர் ஆகிவிடும்,
யாரும் கேட்கமாட்டார்கள்.
ஏனோ அழுத்தவில்லை.
டார்ச்சோடு குழிக்குள் இறங்கினேன்.

இரும்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது சேறு.
ஒரு செத்த எலி, பீடிக்கட்டு, யாருடையதோ செருப்பு,
எண்ணூர்ச் சாம்பல் கெட்டித்துப்போன கட்டிகள்.
மண்டியிடாமல் அங்கே எதையும் எட்ட முடியாது.
கரண்டியால் சுரண்டச் சுரண்ட
முதுகு விண்ணென்று தெறித்தது.
மேலே ஒன்றும் ஏறாமலே
இத்தனை நாள்
இவ்வளவு பாரமா காட்டிக்கொண்டிருந்தேன்?
ஜெபம் என்று எதுவும் வாயில் வரவில்லை.
"அப்பா" என்றேன், முதுகு வலியில்தான்.
அதற்குப் பின்னால் எந்தப் பட்டியலும் வரவில்லை,
அதுதான் ஆச்சரியம்.

ஏறிவந்து பார்த்தேன். சைபர்.
சேற்றுக் கையோடு
வரதன் வண்டிக்கு உள்ளதை எழுதினேன்.
சீட்டை இரண்டு தடவை படித்தார்.
"இன்னாண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"
கவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது
அவர் முகத்தில் கோபமில்லை, என்மேல் ஒரு பரிதாபம்.
அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

முதல் ஆராதனை தவறிப்போயிற்று.
ஹெப்சிபா எல்லாவற்றையும் கேட்டாள்,
"வளையலு?" என்றாள் ஒரே ஒரு தடவை.
அடுத்த வாரத்திலிருந்து
காசிமேட்டில் சங்கராவைத் தாண்டிப் போய்
காரப்பொடி வாங்கி வருகிறாள்.

ஆசை போய்விட்டது என்றால் பொய்.
அந்த இரண்டு அறை வீட்டுக்கு
இப்போது மனசில் நீலப் பெயின்ட்கூட அடித்துவிட்டேன்.
ஜெபத்தில் வரிசை மட்டும் மாறியிருக்கிறது,
அவர் முதலில், மற்றதெல்லாம் பிறகு.
சில ராத்திரி அதுவும் இல்லை,
பழையபடி வளையலில் தொடங்கிவிடுகிறேன்,
பாதியில் நினைவு வந்து
நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

நேற்று மறுபடி மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
மீதி நாலையும் பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று
நின்றேன் கொஞ்ச நேரம்.
பின்னால் ஒரு டிரெய்லர்
இறங்குய்யா என்று ஹாரன் அடித்தது.