ஜலசந்திக் கரையில் ஒரு சிவப்புப் பட்டை

ஜன்னலுக்கு அப்பால் மகெல்லன் ஜலசந்தி.
அதற்கும் அப்பால் டியெரா டெல் ஃபுவேகோ,
ஆட்டுக்கு ஒரு மைல், ஆளுக்குப் பத்து மைல் என்று
காற்று படுத்துப் புரள அத்தனை இடம்.
இந்தப் பக்கம், புன்டா அரேனாஸ் படகுத்துறையில்,
டிக்கெட் அறை மேஜைக்கு அடியில்
தூசியை மூச்சு விடும் ஒரு கறுப்புப் பெட்டி
எள் விழ இடமில்லை என்கிறது.

சி டிரைவ்: நூற்றுப் பதினெட்டு ஜிபி.
மிச்சம்: இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி.
பட்டை முழுக்கச் சிவப்பு,
குளிரில் வெடித்த உதடு மாதிரி.

காலை எட்டரைக்குப் படகு.
ஒரு டிக்கெட் அச்சடிக்கக்கூட
அதற்குக் கொஞ்சம் காலி மூலை வேண்டுமாம்.
இன்று மாலை பதினோரு பேருக்குக்
கையால் எழுதிக் கொடுத்தேன்.
என் கிறுக்கலில் பெயர் மாறிப்போன ஒருத்தியை
மாலுமி கரையிலேயே நிறுத்திவிடப் பார்த்தான்.

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன்.
குப்பைத் தொட்டியில்
மங்கலாய் விழுந்த மூன்று பென்குயின்கள்.
தற்காலிகக் கோப்புகள் முப்பத்தெட்டு எம்பி;
பெயர்தான் தற்காலிகம், ஆறு வருஷக் குடித்தனம்.
டவுன்லோட்ஸில் ஒரே அலை அட்டவணை நாற்பத்தேழு தரம்.
நிபால்தோ தேட மாட்டான். திரும்ப இறக்குவான்.
எல்லாம் சேர்ந்து
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

போன வியாழன் இன்னொன்றும் செய்திருந்தேன்.
உறங்கப் போகும்போது நினைவை எழுதிவைக்கவென்று
தனியே மூன்று ஜிபி வைத்திருந்தது.
இது உறங்கி யாரும் பார்த்ததில்லை.
தூங்காதவனுக்குக் கட்டில் எதற்கு என்று
பிடுங்கிப் போட்டேன்.
வெள்ளி நன்றாய் இருந்தது. சனியும்.
ஞாயிறு சாயங்காலம் பார்த்தால்
அந்த மூன்றையும் தின்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது:
இது நிறைந்த வீடு இல்லை,
உள்ளே எதுவோ வளர்கிற வீடு.

பதினொன்று தாண்டி,
இரண்டாம் கெண்டி மாத்தேயும் ஆறிப்போன பிறகு,
எது எவ்வளவு கனம் என்று
சதுரம் சதுரமாய் வரைந்து காட்டும் நிரலை ஓடவிட்டேன்.
ஒரு சதுரம் மட்டும் திரையில் பாதிக்கு மேல்.
பயணிகள் பட்டியல் இல்லை, கணக்கு வழக்கு இல்லை.
ஒரு லாக் ஃபைல்.
எழுபத்தோரு ஜிபி.

நோட்பேட் அதைத் தூக்கப் போய்
அங்கேயே விழுந்து செத்தது.
கடைசி வரிகளை மட்டும் உருவி எடுத்தேன்.

டி டிரைவில் இடமில்லை. நகலெடுக்க முடியவில்லை.
டி டிரைவில் இடமில்லை. நகலெடுக்க முடியவில்லை.
டி டிரைவில் இடமில்லை.

நொடிக்கு நூறு தரம்.
மார்ச் பத்தொன்பதிலிருந்து. இன்று ஜூன் எட்டு.
பக்கத்து டிரைவ் நிறைந்த நாள் முதல்
இடமில்லை இடமில்லை என்று எழுதி எழுதியே
தன்னிடம் இருந்த இடத்தையும் நிரப்பியிருக்கிறது.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
விவாகரத்து நடந்த வருஷம்
அக்கா ஸ்லாவிட்சாவுக்கு நான் அனுப்பிய குரல் செய்திகள்:
மூச்சு விட நேரமில்லை என்று
தினமும் நாற்பது நிமிஷம்.

சேவையை நிறுத்தினேன். கோப்பைத் தேர்ந்தேன்.
நிரந்தரமாய் நீக்கவா, நிச்சயமா என்றது.
எண்பத்தோரு நாள் புலம்பல் போக
நான்கு நொடி.
பட்டை நீலமாகிப் பாதிக்கும் கீழே சுருங்கியது.
நான் அச்சுப்பொறிக்கு ஒரு டிக்கெட் கொடுத்துப் பார்த்தேன்,
யாருக்கும் இல்லாத பெயரில், ஜன்னலோர இருக்கை.
வந்தது. சூடாக.

டி-யைத் திறந்தேன்.
முழுக்க நிபால்தோ பதிந்துவைத்த கால்பந்தாட்டங்கள்,
தோற்றவையும் சேர்த்து.

ஏழரைக்கு உப்புப் பனி ஒட்டிய தொப்பியோடு வந்தான்.
நீலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.
“அட, இவ்வளவு காலியா?
அப்படியானால் மிச்ச ஆட்டங்களை இதில் போடட்டுமா?”

வெளியே முதல் லாரி வரிசையில் வந்து நின்றது.
இடமில்லை என்றேன்.
ஒரே ஒரு தரம்.