இருபத்தைந்து சொல்

சில்வர்க்ளென் சரிவில், மெர்வின் வீட்டுக் கராஜில்
வியாழன் இரவுகளில் நாங்கள் நால்வரும் வேறு ஆட்கள்.
நான் எழுபது வயது மந்திரவாதி,
மூட்டுவலி உண்டு, தாடி உண்டு.
யுகென் இடது கையில் வாள் பிடிப்பவன்
(பேனாவும் அப்படித்தான்).
மெர்வின், கடவுளிடம் கடன்பட்ட பூசாரி.
மீதி உலகம் முழுதும் சரோஷ்னி:
மழை, ஓநாய், சுங்கச்சாவடி, சாவு.
பகலில் அவள் நகராட்சிக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள்.

அன்று மின்வெட்டு எட்டு முதல் பத்து வரை.
ஃப்ரீசர் மேல் சார்ஜ் விளக்கை வைத்து ஆடினோம்.
அதன் அடியில் ஓடிப்போன பகடை
இருட்டில் என்ன எண் காட்டியதோ,
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

என்னிடம் ஒரு மாய மந்திரம் இருந்தது.
கல்லுக்கு வாய் வைக்கலாம்.
சொன்ன நிபந்தனை நடந்தால் அந்த வாய் திறக்கும்,
ஒப்படைத்த சேதியை என் குரலில் சொல்லும், மூடிக்கொள்ளும்.
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் கல் தாங்காது.

பாலத்துத் தூணில் வைத்தேன்.
நிபந்தனை: இடது கையில் வாளோடு ஒருவன் கடக்கும்போது.
சேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி, மடித்து,
சரோஷ்னியிடம் மட்டும் நீட்டினேன்.
படித்தாள். விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"சொற்களை எண்ணிவிட்டாயா?"
டாக்ஸியிலேயே விரல்விட்டு எண்ணியிருந்தேன்,
இரண்டு முறை.

பிறகு நடந்தது பகடையின் வேலை.
யுகெனின் ஆள் பாலத்தை நம்பாமல்
ஆழம் குறைந்த இடம் தேடி ஆற்றோடு போய்விட்டான்.
பாலத்தில் வந்தது ஒரு குட்டிப்பூதம்,
திருட்டு வாளோடு.
எந்தக் கை?
ஒற்றை என்றால் வலது என்று சொல்லிவிட்டுத்தான் உருட்டினாள்.
இரட்டை.
"மன்னித்துக்கொள்" என்று சீட்டைப் பிரித்து
மீட்டர் அளவு சொல்கிற அதே குரலில் வாசித்தாள்:

வாசலில் நீ கேட்டதற்கு அன்று பேச்சை மாற்றினேன்.
பதில், ஆம்.
போகுமுன் இன்னொருமுறை கேள்.

சீட்டில் இருந்தது ஆங்கிலம், சரியாக இருபத்தைந்து.
இங்கே எழுதினால் பதினொன்றிலேயே முடிந்துவிடுகிறது.
மிச்சம் பதினாலு என் கையில்.

பூதம் சுற்றுமுற்றும் பார்த்தது.
"நான் ஒன்றும் கேட்கவில்லையே" என்றது தூணிடம்,
கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு,
"யோசித்துச் சொல்கிறேன்."
மெர்வின் சிரித்து, பாதியில் நிறுத்தி,
கோக் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து
திருகி மூடினான்.

யுகென் தன் தாளில் எதையோ அழித்து எழுதினான்.
"என் ஆள் அங்கே இல்லை.
இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான்.
அவனுக்கு எதுவும் தெரியாது."

விதி அதுதான்.
ஆடுகிறவன் அறிந்ததை அவன் ஆடும் ஆள் அறியக் கூடாது.
ஆனால் போன மாதம், பொறி வைத்த கதவென்று
எங்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டு
ஒன்றும் அறியாதவன்போல் சுற்றிப் போனவன் இவன்.
இவ்வளவு நேர்மையாக அவன் ஆடி நான் பார்த்ததில்லை.

பத்தேகால். மின்சாரம் வரவில்லை.
கேட்டின் மோட்டார் செத்துக் கிடந்தது.
பூட்டைக் கழற்றிக் கையால் தள்ளவேண்டும்,
அதற்கு இரண்டு பேர் வேண்டும்.
தண்டவாளத்தில் மணல். தோளும் தோளும்.
கீழே ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் மட்டும் வெளிச்சம், ஊர்ந்தபடி.

வினவுவதற்கும் காதில் விழுவதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி இது.
கேட்டான்.
கேட்கவில்லை.
"உன் கிழவனுக்கு அந்தத் தாடி பொருந்தவில்லை"
என்று மட்டும் சொல்லிக் காரில் ஏறினான்.

பெர்த் விமானம் மார்ச்சில்.
இன்னும் ஐந்து வியாழன்.
மிச்சம் வைத்த பதினாலையும்
மெர்வின் வீட்டுக் கேட்டுத் தூணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்:

இடது கையால் இந்தக் கேட்டைத் தள்ளுகிறவன்
மறுபடி வரும்போது, தூணே,
நீ வாய் திறக்காதே.
இம்முறை நானே திறக்கிறேன்.