இடது பாக்கெட்

காலை எட்டு மணிச் சுற்றில்
யாராவது என்னை நிறுத்தினால்
ஊசிமருந்துக் குப்பியின் மூடி ஒன்றை
வலது பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும்.
பியூலா சிஸ்டர் தந்த ஆய்வுக் கட்டுரையில்
எண்ணுவதற்கென்றே தனி ஆள் இருந்தார்.
தண்டையார்பேட்டையில் எங்களுக்கு
நாற்பத்தாறு கட்டில்,
இரண்டு பேர்,
மூடிகள்.

முதல் நாள் இருபத்து மூன்று.
ஃபேன் ஓடல சிஸ்டர்.
பெரிய டாக்டர் கூப்புடுறார்.
பாத்ரூம்ல தண்ணி வரல.
எக்ஸ்ரே சீட்டு எங்க வெச்சீங்க.
ஹெப்பாரின் அளவை
மூன்று முறை முதலிலிருந்து பார்த்தேன்.
நான்காம் முறை பார்த்தேனா என்று
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்,
மின்ட் மணிக்கூண்டு தாண்டிய பிறகு
நினைவு வந்தது.

மருந்து தருபவர் தனி உடுப்பு அணியட்டும்
என்றது கட்டுரை.
தியேட்டரில் மிச்சமான பச்சைத் துணியில்
வண்ணாரப்பேட்டை டெய்லர் தைத்துத் தந்தார்.
முதுகில்: மருந்து நேரம். பேசாதீர்கள்.
அன்று முப்பத்தொன்று.
அதில் எட்டு மூடி
முதுகுல இன்னா எழுதிருக்கு என்று கேட்டவர்களுக்கு.

உடுப்பைக் கழற்றிவிட்டு
மருந்து மேசையைச் சுற்றித்
தரையில் பிளாஸ்டர் ஒட்டினோம்.
பதினான்காம் கட்டில் தனகோட்டியின் மனைவி,
காசிமேட்டில் ஏலம் எடுப்பவள்,
கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நான் கூடை எண்ணும்போது எவனாவது
டீ சாப்புடுறியான்னு கேட்டா
அன்னிக்கு நஷ்டம் எனக்கு.
இங்க யாருக்கு?"
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
கோட்டுக்கு வெளியே அவளே நின்றாள்.
ஒன்பது மூடி.
இன்சுலின் கூட அன்றுதான்
சாப்பாட்டு வண்டியும் ஊசியும் சேர்ந்து வந்தன.

வியாழக்கிழமை
கோட்டைத் தாண்டியதும் அவள்தான்.
"கோச்சுக்காத சிஸ்டர்.
நேத்து இவருக்கு வெள்ளை மாத்திரை,
பாதியா ஒடச்சுக் குடுத்தீங்க.
இன்னிக்கு முழுசா, ரோஸ் கலர்ல?"

சீட்டைப் பார்த்தேன்.
கட்டில் எண்ணைப் பார்த்தேன்.
பதினைந்தின் கிண்ணம்
என் கையில் இருந்தது.

மாலையில் பியூலா சிஸ்டர்
மூடிகளை மேசையில் கொட்டி எண்ணினார்.
ஆறு.
குறைஞ்சிருக்கு பாரு, என்று
சந்தோஷமாகக் கட்டத்தில் எழுதினார்.
ஏழாவது என் இடது பாக்கெட்டில்,
விரலுக்கு அடியில்.
அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
எழுதச் சொன்னால்
பதினைந்தின் கிண்ணத்தையும் சொல்ல வேண்டும்.

"சிஸ்டர்," என்றேன்,
"இன்னும் ஒண்ணு இருக்கு."